அருவிக்காரர்

எந்தத் திரையின் முன் உட்கார்ந்தாலும் ஜெரார்ட் அத்தான் முதலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடை டிவியைக்கூட அப்படித்தான் பார்ப்பார். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்ப்பது அவர் வேலை.

அவர் என் அக்கா செரினாவைக் கட்டியவர். படிப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஈசூனில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணமான புதிதில் இருவரும் பழைய பெட்டி டிவியில் கேம் விளையாடுவார்கள். அதில் காட்டுக்குள் ஓர் அருவி வரும். அக்கா கேமில் ஓடும் தன் ஆளை அங்கேயே நிறுத்திவிடுவாள்.

“தண்ணிக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க, பாருங்க.”

“எக்ஸ்ரே பாக்கிறவன் கண்ணுக்கே தெரியல, உனக்குத் தெரியுதோ? நடடி, எதிரி வரான்.”

அது வீட்டில் நிரந்தரக் கேலியாயிற்று. குழம்பில் உப்பு இல்லை என்று அக்கா சொன்னால்கூட, “அருவிக்காரர் சொன்னாரா?” என்பார். அக்காவும் சிரிப்பாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், படுக்கையைச் சுற்றியிருந்த திரையைக் காட்டி அக்கா சொன்னாள்: “அதுக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க. போகச் சொல்லுங்க.”

“அருவிக்காரர் இங்கயும் வந்துட்டாரா?” என்றார் அத்தான். திரையை விலக்கிப் பார்க்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அத்தான் அந்தக் கேமைத் தேடினார். பெட்டி டிவியும் மெஷினும் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. மகள் டானியலா லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு, பெரிய டிவியில் இணைத்தாள். பழைய மெஷின் செய்த வேலையை அது செய்யுமாம். அத்தானுக்கு வேண்டியது ஒன்றுதான்: அருவிக்குப் பின்னால் யாருமில்லை என்று தெரியவேண்டும். அங்கே இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலும் இல்லை.

படம் துல்லியமாகத் தெரிய ரெசல்யூஷனைக் கூட்டிக்கொண்டே போனார். அருவி ஜன்னல் கம்பிபோலத் தனித்தனி நீலக் கோடுகளாகப் பிரிந்தது. இடைவெளிகளில் வெறும் பாறை.

“ஓகேவா டேடி? ஒண்ணுமே இல்ல லா. கிளியரா இருக்கு.”

அத்தான் முகம் தெளிந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சந்தேகப் பெட்டியை ஒரே படத்தில் அனுப்பிவிடுவது அவர் வழக்கமில்லை. மாற்றி வைத்து மறுபடி பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தவர், “அவ பாத்தது இந்தப் படம் இல்லையே” என்றார்.

டானியலா ரெசல்யூஷனைப் பழைய மெஷினின் அளவுக்கே இறக்கினாள். படத்தை அகலமாக இழுக்காமல் பழைய வடிவத்தில் விட்டாள். பெட்டி டிவியின் மங்கலைக் கொண்டுவரும் ஃபில்டரையும் போட்டாள். கோடுகள் கரைந்து ஒன்றாகித் தண்ணீராயின. தண்ணீருக்குப் பின்னால், பாறையோரம், தலையும் தோளுமாக ஓர் உருவம் நின்றது.

“கோடும் பாறையும் கலந்து அப்படித் தெரியுது டேடி. எஃபெக்ட் லா,” என்றாள் டானியலா. குரல் இறங்கியிருந்தது.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “அருள், உனக்கு?”

“தெரியுது அத்தான்.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் எழுந்து பாக்கலையே,” என்றார்.

அத்தான் இப்போதும் வேலைக்குப் போய் வருகிறார். கேமை யாரும் போடுவதில்லை. எங்கள் வீட்டில் ஜன்னல் திரைகள், குளியலறைத் திரை எல்லாவற்றையும் அவரே கழற்றிவிட்டார். எதிர் பிளாக்கில் இருப்பவர்களுக்கு எங்கள் வீடு முழுக்கத் தெரியும்.