நோவு அறியாத மனுவேல் அண்ணர்

சென்ற மாரியில், நான் இருக்கிற உப்புக்குளத்து ஒழுங்கைகளில் வெள்ளம் ஏறி, அண்ணர் இருக்கிற தலைமன்னாரில் ஒரு கிழமையாக வள்ளம் இறக்காமல் கிடந்த நாட்களில்தான் செய்தி வந்தது. அண்ணரின் மகன் போனில் சொன்னான்: "சித்தப்பா, அப்பா போயிட்டார். குடல்வால் வெடிச்சு மூண்டு நாளாம்." எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது.

மனுவேல் அண்ணருக்குப் பிறந்ததில் இருந்தே நோவு தெரியாது. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. சின்ன வயதில் அடுப்புக் கொள்ளியைக் கையால் எடுப்பார். எங்களைப் பெற்ற அப்பு அதை வீரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வளர்ந்த பிறகு, வலையில் விஷமுள்ளுக் கெளிறு மீன் சிக்கினால் மற்ற வள்ளக்காரரும் கூப்பிடுவார்கள். "மனுவேலண்ணை, வாங்கோ, உங்களுக்கு நோகாதுதானே." அவரும் சிரித்துக்கொண்டு போய் வெறுங்கையால் கழற்றிக் கொடுப்பார். முள்ளேறி வீங்கிய கைக்கு மருந்து கட்டுவது நான்.

ஒருமுறை அந்தக் கை அழுகத் தொடங்கியது. இழுத்துக்கொண்டு போய் ஒரு நரம்பு டொக்டரம்மாவிடம் காட்டினேன். இரத்தம் சோதித்துவிட்டு அவர் சொன்னார்:

"தாயின்ர வயித்துக்குள்ள நரம்புகள் தோலைத் தேடி வளரும். தோல் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரக்கும். அது கிடைச்ச நரம்பு பிழைக்கும், கிடைக்காதது செத்துப்போகும். இவருக்கு அந்தப் பொருள் பிழையா உருவாகியிருக்கு. நோவைச் சொல்லுற நரம்பெல்லாம் பட்டினியில செத்திட்டுது. தொடுகைக்கான நரம்புக்கு வேற சாப்பாடு, அது தப்பிட்டுது."

எழுத்துத் தெரியாத எனக்கே விளங்கியது. அண்ணர் கேட்டார்: "அப்ப அந்தச் சாமானை இப்ப ஊசியில ஏத்துங்கோவன்."

"பிந்திப்போச்சு ஐயா. காய்ச்சலோ, திண்டதெல்லாம் வெளிய வாற சத்தியோ வந்தால் நோவு வரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்காமல் ஓடி வாங்கோ."

பஸ்சில் வரும்போது என்னைப் பகிடி பண்ணினார்: "பிறக்க முன்னம் செத்ததுக்கு இப்ப ஏன்ரா முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன செய்வது? ஆனால் எனக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டு, தலைமன்னாரில் இருந்து கிராம்பு எண்ணெயோடு சைக்கிளில் வந்தவரும் அவர்தான். பக்கத்தில் இருந்து, "அது எப்பிடியடா இருக்கும்?" என்று கேட்டார். நான் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பல்லில் வைத்துக் கடித்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை போனில், இரண்டு நாளாகச் சத்தியும் காய்ச்சலும் என்றார்.

"உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ அண்ணை."

"போய்? எங்க நோகுதெண்டு கேப்பாங்கள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"டொக்டரம்மா சொன்னதைச் சொல்லுங்கோ."

"ஓமோம், வெள்ளம் வத்தட்டும்."

அதுதான் என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று சேமக்காலையில் குழியருகே எங்கள் தங்கச்சி பிலோமினா மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். திரி உருகித் தேய்ந்து, சுடர் விரலைத் தொட்டது. அவள் அசையாமல் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரியைப் பறித்தேன்.

"என்னண்ணை?"

"கையைப் பார்."

போய்வாருங்கோ அண்ணை. உங்களோடு சண்டை பிடித்துக் களைத்துப்போனேன். உங்களைப்போலப் பிறந்து, இன்னும் உயிரோடு இருக்கிறவள் பிலோமினா ஒருத்திதான்.