கனகவல்லியின் சேலை என்ன கலர்?

போன செவ்வாய்க்கிழமை காலை. வாயில் பேஸ்ட் நுரையோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது.

"சார்... கிடைச்சிடுச்சு சார்!"

பிரவீன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, நாவலூரில் பத்தாவது மாடியில் ஃப்ளாட். வயது முப்பதுக்குப் பக்கம். தான் பிறப்பதற்கு முன்பே பாட்டை நிறுத்திவிட்ட ஒரு பாடகி மேல் இந்தத் தம்பிக்கு எப்படித்தான் இப்படி ஒரு பித்து பிடித்ததோ! வாரம் முழுக்க கம்ப்யூட்டர். சனி ஞாயிறு கனகவல்லி.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கனகவல்லியைத் தெரியும். "மறுபடியும் அந்த அம்மாவா?" என்று கடுதாசி போட்ட புண்ணியவான்களும் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் – எழுபதுகளின் மெல்லிசைப் பாடகி. சினிமாவில் பாடவில்லை. ரேடியோவில் பாடினார். மெட்ராஸுக்கு டி.வி. வந்த புதிதில், மூன்றே மூன்று தடவை டி.வி.யில் தோன்றினார். அப்புறம் கல்யாணம், வடக்கே குடித்தனம், சின்ன வயசிலேயே சாவு. முடிந்தது.

அந்த மூன்றையும் பார்த்த ஒரே ஆள் அடியேன். அதாவது, பார்த்ததாக இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன்!

பிரவீனுக்குக் கிடைத்தது இரண்டரை நிமிஷ வீடியோ. பினாங்கில் இருக்கும் ஒருவரின் அப்பா, அந்தக் காலத்தில் லீவுக்கு வரும்போது கூடவே ஒரு ரெக்கார்டரைக் கொண்டுவந்து, மெட்ராஸில் மைத்துனர் வீட்டு டி.வி.யிலிருந்து பதிவு செய்ததாம். டேப்பில் தேதி இல்லை, பெயர் இல்லை, ஒன்றும் இல்லை.

"இது ரெண்டாவது நிகழ்ச்சியா, மூணாவதா சார்? ரெண்டுலயும் இதே பாட்டைப் பாடினாங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வீடியோவைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. கோடு கோடாக ஓடுகிறது. ஆனால் கனகவல்லிதான்! தலை நிறையப் பூ, அடர்த்தியான ஏதோ ஒரு நிறத்தில் சேலை, பின்னால் கண்ணாடி போட்ட வயலின்காரர்.

"ரெண்டாவது!" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். நாம்தான் எக்ஸ்பர்ட் ஆயிற்றே?

போனை வைத்ததும் ஒரு சந்தேகம். பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். கனகவல்லி டி.வி.யில் வந்த அன்றெல்லாம் நான் குறிப்பு எழுதிய நோட்டு. இரண்டாவது நிகழ்ச்சி: 'தலை நிறையப் பூ. அடர் நிறச் சேலை. வயலின்காரர் கண்ணாடி.' சரி, பொருந்துகிறது.

மூன்றாவது நிகழ்ச்சியைப் புரட்டினேன். ஒரே வரி.

'பச்சைச் சேலை.'

கறுப்பு வெள்ளை டி.வி.யில் நான் எப்படியப்பா பச்சையைப் பார்த்தேன்?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாவி எடுத்துக் கொடுப்பேன், லெட்ஜர் எழுதுவேன், வெள்ளைக்காரர்களுக்குக் கடற்கரைக்கு வழி சொல்வேன். முதலாளி, வருகிறவர்களை அசத்த வேண்டும் என்று வரவேற்பு ஹாலில் ஒரு டி.வி. வாங்கி வைத்தார். மரக் கதவு போட்டுப் பூட்டுகிற டி.வி. அக்கம்பக்கத்தில் அது ஒன்றுதான்.

மெட்ராஸிலிருந்து அத்தனை தூரம் சிக்னல் வரவேண்டுமே? மொட்டை மாடியில் உயரமான சவுக்குக் கம்பத்தை நட்டு, உச்சியில் ஆன்டெனாவை மாட்டினார்கள். சாயங்காலமானால் கடல் காற்று எழும்பும். கம்பம் மெதுவாகத் திரும்பிக்கொள்ளும். டி.வி.யில் செய்தி வாசிக்கும் அம்மாள் உப்புமா ரவையாக உதிர்ந்து போவார்.

யாராவது மேலே நின்று கம்பத்தை வடக்குப் பார்க்கப் பிடித்துக்கொண்டால்தான் படம். அந்த யாராவது – தேசிங்கு.

கொக்கிலமேட்டுக்காரர். என் வயசுதான். தினமும் காலையில் லாட்ஜ் சமையலறைக்கு மீன் கொண்டுவந்து போடுவார். கூடையை இறக்கிவிட்டு அவர் முணுமுணுத்த பாட்டில்தான் எங்கள் சிநேகமே ஆரம்பம். ரேடியோவில் கேட்ட கனகவல்லி பாட்டு! என்னைவிட அவருக்குத்தான் பைத்தியம் அதிகம். நான் பாட்டின் முதல் வரியோடு நிற்கிற ஆள். அவரோ, கனகவல்லி எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பது வரைக்கும் சொல்லுவார்.

பேப்பரில் நிகழ்ச்சி விவரம் பார்த்து, "தேசிங்கு, இன்னிக்கு சாயங்காலம் கனகவல்லிப்பா!" என்றேன். கடலில் போட்டது போட்டபடி வந்து நின்றார். தலையில் தண்ணீர் தெளித்துச் சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

வந்தவரை நான் நேராக மாடிக்கு அனுப்பினேன்.

"வந்துச்சா மேனேஜரே?"

"இன்னும் கொஞ்சம் திருப்பு!"

"இப்போ?"

"ஆங்... அப்படியே பிடி! அசையாதே!"

அரை மணி நேரம் அசையவில்லை. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, குறிப்பு எழுதினேன். மாடிப்படி வழியாகச் சத்தம் மட்டும் அவருக்குப் போயிற்று.

முடிந்ததும் இறங்கி வந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"இன்னா கலர் பொடவ கட்டிகினு இருந்தாங்க?"

"கறுப்பு மாதிரி இருந்ததுப்பா" என்றேன். அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னேன்.

கிளம்பும்போது சொன்னார்: "மேனேஜரே, எங்க வூட்ல நல்ல கயிறு கீது. மூணு பக்கமும் இழுத்துக் கட்டிட்டம்னா இந்தக் கம்பம் எந்தக் காத்துக்கும் அசையாது. ஆணி அடிக்க மட்டும் மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டு வையுங்க. அடுத்த தபா நானும் கீய வந்து குந்திகினு பாக்கறேன்."

"பாக்கலாம்ப்பா" என்றேன்.

பாக்கலாம்! தமிழில் இதைவிட மோசமான வார்த்தை இருக்கிறதா, சொல்லுங்கள்? இல்லை என்று சொன்னால்கூட ஒருத்தர் கோபித்துக்கொண்டு போய்விடலாம். பாக்கலாம் என்றால் காத்திருப்பார்.

ஆணி அடிக்க முதலாளி ஒத்துக்கொண்டிருப்பார். கேட்க வேண்டியது ஆணிக்காக அல்ல. கம்பம் தானாக நின்றுவிட்டால், தேசிங்கு எங்கே உட்காருவார்? ஹாலில். விருந்தாளிகளுக்குப் பக்கத்தில். "மீன்காரன் பின்பக்கமாவே வரட்டும்" என்று முதலாளி எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அதை எதிர்த்துப் பேச வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். இவ்வளவுதான் விஷயம். 'அவரை மாதிரி ஆன்டெனா பிடிக்க வேறு ஆளே கிடையாது' என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி, எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டாவது நிகழ்ச்சிக்கும் மாடியில் நின்றார். கயிற்றைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

மூன்றாவது ஐப்பசியில் வந்தது. வாடைக் காற்று பிய்த்து எறிகிறது. மேலே அவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், கீழே எனக்குப் படமே இல்லை. வெறும் புள்ளி. பாட்டு மட்டும் கேட்கிறது. நான் பாட்டைக் கேட்டேனா? இல்லை. ஹாலுக்கும் படிக்கட்டுக்கும் ஓடி ஓடிக் கத்தினேன்.

"திருப்பு! இந்தப் பக்கம்! அட, அந்தப் பக்கம்ப்பா! ஒரு கம்பத்தைப் பிடிக்கத் துப்பில்லையா உனக்கு?"

ஆமாம். அப்படித்தான் கத்தினேன். கட்டுமரத்தில் பாய் கட்டி நடுக்கடலுக்குப் போய் வருகிற ஆளைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற நான்.

கடைசி வரைக்கும் படம் வரவில்லை. அவர் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. உள்ளங்கையில் சவுக்குச் சிராய் ஏறி ரத்தம். வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டார்.

"இன்னா கலர் பொடவ?"

நானும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், அவர் கை கிழிந்தது வீண் என்று ஆகிவிடும் என்று தோன்றியது. அது நல்ல எண்ணமா, இல்லை என் கத்தலை மூடி மறைக்கிற தந்திரமா? இன்று வரை எனக்கே தெரியவில்லை.

"பச்சை" என்றேன்.

"பச்சையா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா இருந்திருக்கும்ல?"

ராத்திரி நோட்டிலும் அதையே எழுதி வைத்தேன். பொய்யை எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று நம்புகிற வயசு.

கனகவல்லி அதன் பிறகு டி.வி.யில் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து எனக்குச் செங்கல்பட்டில் வேறு வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் போனால் தேசிங்கைப் பார்ப்பது உண்டு. பத்து வருஷமாக அதுவும் இல்லை.

புதன்கிழமை பஸ் பிடித்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஆட்டோவில் கொக்கிலமேடு. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலும். ஆனால் குரலில் அதே கணீர்.

"வாங்க மேனேஜரே! இன்னா, வழி தெரிஞ்சுதா?"

லாட்ஜே இடிந்து போய்விட்டது. நான் இன்னும் மேனேஜர்.

போனில் வீடியோவைப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடியைத் தேடி மருமகளைக் கூப்பிட்டார். அதற்குள் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. தேடுவதை அப்படியே விட்டுவிட்டார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"இது காத்து அடிச்ச அன்னிக்கு" என்றார்.

"மூணாவதா? எப்படிச் சொல்றே?"

"கேளுங்க. ரெண்டாவது சரணத்துல ஒரு வரிய மறந்துட்டு, முன்ன பாடின வரியவே இன்னொரு தபா பாடுவாங்க. அதுக்கப்பால சமாளிச்சிகினு போவாங்க."

கேட்டேன். மறந்தார். முன் வரியையே மறுபடி பாடினார். சமாளித்துக்கொண்டு போனார்.

"நீங்க கீய கத்திகினு இருந்தீங்க, உங்க காதுல வுழுந்திருக்காது" என்றார். குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு, போனை வாங்கி, இரண்டரை நிமிஷமும் பார்த்தார். மூன்று நிகழ்ச்சிக்கும் கம்பம் பிடித்தவர் கனகவல்லி பாடுவதை முதல் தடவையாகப் பார்க்கிறார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு சந்தோஷம் தெரிந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்குமே என்கிற சுயநலம்.

"பச்சைன்னீங்களே" என்றார்.

"தேசிங்கு... அன்னைக்கு எனக்குப் படமே வரலை. கறுப்பு வெள்ளை டி.வி. வேற. நான் பொய் சொல்லிட்டேன்."

"அது தெரியும். அப்பால எங்க ஊருக்கும் டி.வி. வந்துச்சுல்ல? எல்லாமே கறுப்பு வெள்ளை. சரி, மேனேஜரு நம்ம மனசு நோவக் கூடாதுன்னு ஒண்ண சொல்லிகிறாருன்னு வெச்சிகினேன்."

"கயிறு கட்டியிருக்கலாம். உன்னைக் கீழே வந்து உட்காருன்னு ஒரு தடவை நான் சொல்லியிருக்கலாம்."

'அதெல்லாம் வுடுங்க மேனேஜரே' என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதற்காகத்தானே பஸ் ஏறினேன்?

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. மருமகள் கொண்டுவந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு தபா போடுங்க. படம் வாணாம், பாட்டு மட்டும் கேப்போம். இத்தினி வருசமா பச்சப் பொடவையிலயே பாத்துட்டேன். பச்சையாவே இருக்கட்டும்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போனைத் திண்டு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் கேட்டோம். மறந்த வரி வந்தபோது அவர் விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். நான் தலையாட்டினேன். அந்த வரியை அன்றைக்கு மாடியில் அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டியது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லேட்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து பிரவீனைக் கூப்பிட்டேன். "தம்பி, நான் சொன்னது தப்பு. மூணாவது நிகழ்ச்சி. கண்டுபிடிச்சது நான் இல்லை, கொக்கிலமேடு தேசிங்கு. வீடியோவோட அந்தப் பெயரைப் போடுங்க."

"போட்டுடறேன் சார். இன்னொண்ணு... வீடியோவுக்குக் கலர் குடுக்கலாம்னு இருக்கேன். இப்ப அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. அவங்க சேலை என்ன கலர்னு உங்க நோட்ல இருக்கா சார்?"

"இருக்கு" என்றேன். "பச்சை."