தீபத்தன்று திறந்த ஆப்பிள் ஜாடி

அன்றைக்கு என் மாமனார் அந்த டம்ளரை ஏன் கீழே வைக்கவில்லை? மூன்று வருடங்களாக இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. ஒரு நாள் ஒரு காரணம் சரியென்று படுகிறது. மறுநாள் அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மருமகளாக வருவதற்குப் பல வருடம் முன்பு அவர் குடித்துக்கொண்டிருந்தவர். நான் பார்த்ததில்லை, மாமியார் சொல்லித்தான் தெரியும். ஒரு விடியற்காலையில் தானாகவே எழுந்து போய், மலையைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்தி, அதன்மேல் கையடித்து, இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாராம். அதோடு சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வருவார். "என் தாலிய அந்த மலைதாம்மா மீட்டுக் குடுத்துது" என்று மாமியார் என்னிடமே பத்து முறை சொல்லியிருப்பார்.

அந்த வருடம் ராணுவத்திலிருந்து லீவில் வந்த என் கொழுந்தனார் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் ஆப்பிள் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வாங்கிப் போவது. ஒரு பெட்டி ஆப்பிளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ரயிலில் அடிபட்டுப் பாதிப் பழம் கன்றியும் போயிருந்தது.

"அண்ணி, நாங்க இருக்கற குளிருக்கு இதான் மருந்து. ஆப்பிள நசுக்கி, பட்ட, கிராம்பு, சுக்கு போட்டுக் கொதிக்க வெச்சிக் குடிப்போம். காது வரைக்கும் சூடு ஏறும்" என்றார் கொழுந்தனார்.

"ஆப்பிள்ல ரசம் வெக்கப் போறாங்களாம். நாளைக்கி திராட்சையில சாம்பார் வெப்பாங்க" என்றார் மாமியார்.

ஆனாலும் முதல் முறை செய்தபோது அவரே இரண்டு டம்ளர் குடித்தார். பழத்தைத் துருவி, மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்து, பட்டை, கிராம்பு, தட்டிய சுக்கு, கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டிச் சூடாகக் கொடுத்தேன். வீடு முழுக்க மணந்தது. என் மூன்று வயது மகள் டம்ளரின் அடியை நக்கினாள். கார்த்திகை தீபத்தன்று விரதம் முடிக்கும்போது எல்லோருக்கும் இதையே கொடுக்கலாம் என்று மாமனார்தான் சொன்னார்.

கொழுந்தனார் லீவு முடிந்து கிளம்பிவிட்டார். தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து உறவினர்கள் வருவார்கள், பொரி உருண்டை பிடிக்க வேண்டும், அப்பம் சுட வேண்டும். வேலை முடங்கிவிடக் கூடாதென்று நான்கு நாள் முன்பே மீதிப் பழத்தைப் பிழிந்து வைத்துவிட நினைத்தேன். அந்த வாரம் ஸ்டவ்வுக்கு ரேஷனில் கிருஷ்ணாயில் வரவில்லை. விறகும் ஈரம். அதனால் மசாலாவை மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பச்சைச் சாற்றில் கலந்துவிட்டேன். இனிப்பு கம்மியாகிவிடுமோ என்று இன்னொரு அச்சு வெல்லத்தையும் கரைத்து ஊற்றினேன். ஊறுகாய் ஜாடியில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, குளிரில் கெட்டுவிடக் கூடாதே என்று இட்லி மாவுப் பானைக்குப் பக்கத்தில், அடுப்பின் கதகதப்பில் வைத்தேன்.

பி.யூ.சி. படித்தவள் நான். பரீட்சையில் நொதித்தல் பற்றிப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். இதை எழுதும்போது எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தீபத்தன்று மாலை ஜாடியைத் திறந்தபோது மேலே நுரை கட்டியிருந்தது. வெல்லத்தின் அழுக்கு என்று கரண்டியால் வழித்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஆனால் அன்று எல்லோரும் விரதம். படைப்பதற்கு முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்து பார்த்தாலே எச்சில் என்பது எங்கள் வீட்டு வழக்கம். போதாததற்கு எனக்கு ஜலதோஷம் வேறு. சாமி படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்துப் படைத்துவிட்டு, மீதியைத் தட்டில் அடுக்கி மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன்.

மலை உச்சியில் தீபம் தெரிந்தது. தெரு முழுக்க "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் மூத்தவர் முதலில் வாய் நனைத்த பிறகுதான் மற்றவர்கள் விரதம் முடிப்பார்கள். மாமனார் ஒரு டம்ளரை எடுத்து, மலையைப் பார்த்துக் கண்ணை மூடி, ஒரு வாய் குடித்தார்.

கண் திறந்தது. அவர் மலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க, கசக்குதா? அப்பவே சொன்னேன், சுக்கு ஜாஸ்தி போட்ருப்பா" என்றார் மாமியார்.

"அதெல்லாம் இல்ல" என்றார். பிறகு மீதி டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

என் மகள் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் சட்டென்று தட்டை என் கையிலிருந்து வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். "இது யாருக்கும் கெடையாது. பேத்திக்கும் கெடையாது. மொத்தமும் எனக்குத்தான். நீங்கல்லாம் பாயசம் குடிங்க."

மாமியாரின் தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு நாள் பட்டினிக்கே இப்டியா மாமா? அக்கா, நீ இவர பட்டினி போட்டே கொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். மாமனார் தட்டோடு படியிறங்கிப் போனார். அவர் காலி செய்த டம்ளர் மட்டும் கைப்பிடிச் சுவரின்மேல் இருந்தது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஜலதோஷத்தையும் மீறி அடித்தது அந்த வாடை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கள்ளச்சாராயம் விற்கும் இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போமே, அதே புளித்த வாடை. என் கையால், தீபத்தன்று, மலையைப் பார்த்து நிற்கவைத்து, அவருடைய சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கீழே ஓடியபோது அவர் பின்கட்டில் கிணற்றடியில் இருந்தார். டம்ளர்களையும் ஜாடியையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். சாமிக்குப் படைத்த டம்ளரும் அவற்றில் இருந்தது. கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா..."

"ஜாடிய கழுவிட்டேம்மா. போ, போயி வௌக்கு ஏத்து. நேரமாவுது."

அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஜாடியில் இருந்ததை வாழைக்கு ஊற்றினாரா, வேறு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது நிச்சயம். டம்ளரைக் கீழே வைத்திருந்தால் எல்லோரும் என்னவென்று கேட்டிருப்பார்கள், எடுத்து முகர்ந்திருப்பார்கள். மதுவிலக்கு இருந்த காலம் அது. மருமகள் வீட்டிலேயே சாராய ஊறல் போட்டாள் என்று கீழ்பென்னாத்தூர் வரை போயிருக்கும். என்னைக் காப்பாற்றத்தான் குடித்தார் என்று ஒரு நாள் நம்புகிறேன். இத்தனை வருடம் காய்ந்திருந்த நாக்குக்கு அந்த நேரம் தாங்கவில்லையோ என்று மறுநாள் தோன்றுகிறது. அப்படி நினைக்கிற என்மேலேயே அருவருப்பு வருகிறது. அதற்குப் பிறகும் பல நாள் அவர் வெளியே போய்த் திரும்பும்போது, துண்டை நீட்டுகிற சாக்கில் அருகில் போய் மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எந்த வாடையும் வந்ததில்லை.

ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு அவர் மலை சுற்றப் போகவில்லை. முட்டி வலிக்கிறது என்றார். அதற்கடுத்த பௌர்ணமிக்கும் அப்படியே. இந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூடப் போகவில்லை. அதே முட்டியோடுதான் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார். மாமியார் வாராவாரம் எண்ணெய் காய்ச்சித் தடவுகிறார். அவரும் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் மாமியார் வேண்டுதல் ஒன்று வைத்துவிட்டார். கணவருடைய முட்டி சரியாக வேண்டுமென்று வருகிற பிரதோஷத்தன்று கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்யப் போகிறாராம். அறுபது வயதில், ஈரப் புடவையோடு, கல் தரையில் உருளப் போகிறார். இல்லாத வலிக்காக. மாமனார் இதைக் கேட்டுத் தலைகுனிந்துகொண்டார். "வேணாம்டி" என்று மட்டும் சொன்னார். மாமியார் கேட்கவில்லை.

என் கணவரிடம்கூட நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. மாமியாரிடம் உண்மையைச் சொன்னால் உருளுவது நிற்கும். ஆனால் அந்தச் சத்தியத்தின்மேல்தான் அவர் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். மாமனாரிடம் போய், "தப்பு என்னுடையது, நீங்கள் மலை சுற்றப் போங்கள்" என்று சொன்னால், அவர் மூடி வைத்ததை நான் திறந்ததாகிவிடும். பிரதோஷத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் மாமியாராக இருப்பவர்களும் இருப்பீர்கள், இப்படி ஒரு சத்தியத்தோடு வாழ்கிறவர்களும் இருப்பீர்கள். இரண்டு பேரில் யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.