ஆடிக் காப்பும் இருபத்தொன்றாம் நாள் ஊசியும்

பகல் பன்னிரண்டு மணி ஆகியும் கோமதி வரவில்லை. அவளுடைய ஊசி அட்டை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் மேஜையில் கிடந்தது.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஜலகண்டாபுரம் பக்கத்துக் கிராமம். அப்பா முருகேசன் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தபோது கஷாயத்தோடு விட்டுவிட்டார்கள். அது மூட்டில் இறங்கி, இதய வால்வையும் கெடுத்துவிட்டது. அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. போன ஆடியில் ஒன்று தவறியது. காய்ச்சல் வந்தது, வால்வில் கசிவு கூடியது. இன்னொரு முறை வந்தால் ஆபரேஷன்தான் என்று எங்கள் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முருகேசனுக்கு போன் போட்டேன்.

"காப்புக் கட்டியாச்சுங்க நர்சம்மா. பாப்பாவும் கட்டியிருக்கா. ஊரெல்லை தாண்டக் கூடாதுங்க. நோம்பி முடிஞ்சதும் கூட்டிட்டு வாரனுங்க."

நோம்பி என்று அவர்கள் சொல்லும் ஊர் அம்மன் திருவிழா முடியப் பத்து நாள் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைவிடக் காப்பு பெரிதா என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"போன வருசமும் நோம்பிக்குள்ளதானுங்க தேதி எழுதிக் குடுத்தீங்க."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தேதியும் என் கையெழுத்து. போன வருடமும் நோம்பி என்றுதான் சொன்னார்கள். சாக்கு என்று நினைத்துத் திட்டியனுப்பினேன். காப்புக் கட்டும் முன்பே ஊசியைப் போட்டிருக்கலாம். நோம்பி எப்போது என்று நான்தான் கேட்கவில்லை.

இது வீட்டில் வைத்துப் போடும் ஊசி அல்ல. ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. நல்லவேளையாக அவர்கள் ஊர் எல்லைக்குள்ளேயே துணை சுகாதார நிலையம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா அவசர மருந்துப் பெட்டியோடு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அந்தத் துணை நிலையத்தில் ஊசி போட்டபின் அரை மணி நேரம் கோமதியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தடிப்பு வருகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று கண்ணெடுக்காமல் பார்த்தேன். அவள் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிறு என் விரலில் உரசிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"போன வருசமும் நீங்க இப்புடி வந்திருக்கலாமுங்க நர்சம்மா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள்.

ஓய்வு பெறும்வரை, "உங்கூர்ல நோம்பி எப்பங்க?" என்று கேட்காமல் நான் எந்த அட்டையிலும் தேதி எழுதியதில்லை. ஊசித் தேதி நோம்பிக்குள் விழுந்தால் டாக்டரம்மாவிடம் கேட்டு முன்னதாகவே போட்டுவிடுவோம். புதிதாக வரும் நர்சுகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

கோமதிக்கு அதன்பிறகு காய்ச்சல் வரவில்லை. ஊசி தவறிய அந்த ஆடியில் கூடிய கசிவு மட்டும் அப்படியே இருக்கிறது.