அறுப்புப் பண்டிகைக்குப் போகாத பூசணி

எங்கள் வீட்டு அடுப்பை நான் உடைத்ததற்குக் காரணம் ஞாயிறு பள்ளி டீச்சர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். அத்தை இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு வயதுக் கழுதை செய்த வேலைக்குப் படித்த பெண்மணியை இழுக்கலாமா என்பது அவள் கட்சி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், பெரகலைச் சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தில், எங்களுடையது ஒன்றுதான் வேதக்கார வீடு. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் அம்மா ஒரு கடிதம் போட்டாள். அதற்குப் பிறகு நான்கு மாதமாக ஒன்றும் இல்லை. தபால் பை வருகிற நேரம் பார்த்து அப்பாவுக்கு ஆபீஸ் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். வெறுங்கையோடு திரும்பி வந்து, "நாளைக்கு வரும்" என்பார். கடிதமும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை. இது இப்போது தெரிந்த விஷயம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் நாளைக்கு வரும் என்றுதான் இருந்தோம்.

டீச்சர் தோட்டத்துக் கிளாக்கரின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் சாவி வைத்திருந்தவர் வரவில்லை. டீச்சர் எங்களை வெளியே புல்லில் உட்கார வைத்து அங்கேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். தெற்கே மலை சட்டென்று முடிந்து, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. மேகம் எங்கள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. டீச்சர் அதைக் கை நீட்டிக் காட்டினார்.

"கடவுளை ஒருத்தரும் கண்ணால கண்டதில்லை, பிள்ளையள். ஆனா அவர் செய்து வைச்சதை வடிவாப் பாருங்கோ. இந்த மலை, இந்த மேகம், உங்கட காலடியில கிடக்கிற பூ. செய்ததைப் பாத்தா, செய்தவர் எப்பிடிப்பட்டவர் எண்டு விளங்கும்."

நான் கையைத் தூக்கினேன். "அப்ப எங்கம்மா செஞ்சதப் பாத்தா எங்கம்மா தெரிவாங்களா, டீச்சர்?"

டீச்சர் "ஓம், தெரிவா" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் பாட்டுப் பாடச் சொன்னார். அவருக்குச் சளித் தடிமன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா செய்தது என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அடுப்புதான். சனிக்கிழமைதோறும் மண்ணும் சாணியும் குழைத்து மொழுகி, ஓரத்தில் மூன்று விரலால் அலை அலையாக ஒரு கோடு இழுத்துவிடுவாள். போய்ப் பார்த்தால் கோட்டைக் காணவில்லை. அத்தையும் சனிக்கிழமை தவறாமல் மொழுகுகிறவள், ஆனால் கோடு போடும் வழக்கம் அவளிடம் இல்லை. அவள் பூச்சுக்கு அடியில் அம்மாவின் விரல்கள் இருக்கத்தானே வேண்டும்? கரண்டிக் காம்பை எடுத்துச் சுரண்டினேன். ஒரு பூச்சு வந்தது, அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. கடைசியில் அடுப்பின் ஒரு பக்கமே பெயர்ந்து என் மடியில் விழுந்தது.

"அடியே, சோறாக்குற அடுப்புடி அது!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒங்கம்மா என்னா, அதுக்குள்ள புதையலா பொதைச்சி வச்சிட்டுப் போயிருக்கா?"

மடியில் மண்ணோடு உட்கார்ந்து அழுதேன். எனக்கு அம்மா வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கடவுள் கொடுத்துவைத்தவர் என்று அப்போது தோன்றியது. அவர் செய்த மலையை வாராவாரம் யாரும் மொழுகுவதில்லை.

மிச்சம் இருந்தது ஒரு பூசணிக்கொடி. புறப்படுவதற்கு முந்தின வாரம் லயத்துக்குப் பின்னால் அம்மா போட்ட விதை. கொடி தகரக் கூரைவரை ஏறி, ஒரே ஒரு காயைப் பிடித்து, அதைப் பெரிதாக்குவதிலேயே குறியாக இருந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டீச்சர் சொன்னபடி வடிவாக, உன்னிப்பாகப் பார்த்தேன். விதை போட்ட இடத்தைச் சுற்றி மூன்று பக்கம் கல் அடுக்கியிருந்தாள். நான்காவது பக்கம் திறந்திருந்தது. அது என் கைக்கு எட்டுகிற பக்கம், நான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விட்ட வழி. அதைக் கண்டுபிடித்த அன்று அம்மா பக்கத்தில் இருப்பதைப் போலவே இருந்தது.

அப்போதுதான் அறுப்புப் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்த முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளியே மரத்தடியில் ஏலம் விடுவார்கள். கிளாக்கர் ஐயா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கூவுவார். போன வருடம் உயிருள்ள சேவல் ஒன்றுகூட ஏலம் போனது. பீடத்தில் வைத்தது வீடு திரும்பாது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"இந்த வருசம் பூசணிக்காயக் கொண்டு போவோம்" என்றார் அப்பா. "ஒங்கம்மா பேரச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லுவோம்."

நான் மாட்டேன் என்று தரையில் புரண்டேன். அப்பா அதிகம் பேசாதவர். சனிக்கிழமை மத்தியானம் காயை அறுத்து, கழுவித் துடைத்து, கதவோரம் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அத்தை விறகு பொறுக்கப் போயிருந்தாள். காயை ஒரு சாக்கில் போட்டு, தேயிலை மலைக்கு இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் இறக்கி, மேலே சருகு போட்டு மூடினேன். பண்டிகை முடிந்ததும் திரும்ப எடுத்துவந்து கொடியோடு கட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

சாயங்காலம் அப்பாவும் அத்தையும் காயைத் தேடியபோது தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் ஓடிப்போய்ப் பார்த்தபோது கான் முழுக்கப் பன்றிக் குளம்பு. காட்டுப்பன்றிகள் விதையைக்கூட விட்டுவைக்கவில்லை. காம்பும் அதோடு ஒட்டிய கொஞ்சம் தோலும்தான் கிடைத்தன. அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பியபோது, அத்தை லயத்து வாசலில் நின்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"கர்த்தருக்கு வச்சதக் களவாண்டவன் வெளங்குவானா!"

பக்கத்து வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. பயந்துபோய்க் காம்பை எடுத்து நீட்டினேன். அத்தை கையை ஓங்க, அப்பா தடுத்தார். காம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"அது அம்மா செஞ்சது. நீங்க ஏலத்துல போட்ருவீங்க."

அப்பா உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சந்தியில் ஒரு வாழைச்சீப்பாவது வாங்கிக்கொண்டு போகலாம், வெறுங்கையோடு போனால் மானம் போகும் என்றாள் அத்தை.

"வேணாங்க்கா. வாங்க போவோம்."

கோயிலில் பாட்டு நடக்க, குடும்பம் குடும்பமாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். போஞ்சி, முட்டைக்கோசு, லீக்ஸ் கட்டு, ஒரு பை தேயிலை. எங்கள் முறை வந்ததும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். லீக்ஸ் கட்டுக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். போதகர் அப்பாவின் வெறுங்கையைப் பார்த்தார்.

"அவ வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதாங்கய்யா" என்றார் அப்பா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூசணிக்குப் பதிலாக நான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் ஐயா மரத்தடியில் என்னைத் தூக்கிக் காட்டிக் கூவப்போகிறார். டீச்சருக்குப் பிள்ளை இல்லை, அவரே எடுத்துக்கொள்வார். டீச்சர் வீடு மோசமில்லை, தினமும் பால்கூடக் கிடைக்கும். ஆனால் அம்மா வந்து லயத்தில் தேடினால் நான் அங்கே இருக்கமாட்டேனே! போதகர் என் தலையில் கை வைத்ததும், என் விற்பனை முடிந்துவிட்டது என்று நினைத்து வீறிட்டேன்.

"என்னைய ஏலத்துல போடாதீங்கப்பா! அம்மா தேடுவாங்கப்பா!"

பாட்டு பாதியில் நின்றது. சிரித்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். தூக்குகிற வயதைத் தாண்டிய என்னை அப்பா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டார்.

வழியில், மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலி உண்டு. அங்கே ஒரு கல்லில் என்னை நிறுத்தி, கண்ணீரும் சளியுமாக இருந்த என் முகத்தைக் கழுவிவிட்டுத் தன் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கானில் அப்பிய சேறு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீரை அள்ளிக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தேன்.

"போதும்மா, தேய்க்காத."

"அழுக்கு இருக்குப்பா."

"அழுக்கில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நம்பவில்லை. அந்த முகத்தில் அப்பா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாமல், மறு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.