முன் சக்கரத்தைக் கழற்றிய தமையனார்

எங்கள் தமையனார் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்க்கும் அன்பர்க்கும் என் வணக்கம். வீட்டில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவனே என்பதால் இதை எழுதும் பொறுப்பைத் தகப்பனார் என்னிடம் அளித்தார். நான் எழுதக் கடமைப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது அவருக்குத் தெரியாது.

தமையனார் அன்னூரை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். கிணறு வற்றிய ஆண்டுகளில் நான்காம் வகுப்போடு படிப்பை விட்டுக் கோயமுத்தூர் சென்று, ஒரு பஸ் பட்டறையில் கிரீஸ் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். அவருடைய உழைப்பில்தான் நான் சென்னைக்குச் சென்று படித்தேன். பிறகு அன்னூரிலேயே சொந்தப் பட்டறை வைத்தார். அவிநாசி பஸ்காரர்கள்கூட அவருக்காகக் காத்திருப்பார்கள்.

பட்டம் பெற்று ஊர் திரும்பிய எனக்கு அது பொறுக்கவில்லை. சந்தையிலிருந்து வரும் தகப்பனார் வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டே, "பெரியவன் வந்தாச்சா?" என்பார். எங்கள் பழைய மோட்டார் காரில் ஏறுமுன் தாயார், "பெரியவன் ஒருக்காப் பாத்தானா கண்ணு?" என்று என்னிடமே கேட்பார். கிராம சுகாதாரம், கூட்டுறவு என்று நான் பேசுவதை எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்; நம்பியது தமையனாரை.

எங்கள் தங்கையின் கணவர் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. தங்கை தலைப்பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம் குழந்தையோடு மலைக்குத் திரும்ப நாள் குறித்தாயிற்று. மோட்டாரின் முன் சக்கரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்காக அச்சின் இரு முனைகளிலும் நிற்கும் இரும்புத் தண்டுக்குக் கிங் பின் என்று பெயர். அதைச் சுற்றியுள்ள வெண்கல வளையம் புஷ். இரண்டுமே தேய்ந்திருந்தன.

தமையனார் அவசர வேலையாக அவிநாசிக்குப் புறப்பட்டபோது என்னிடம், "பின்னு மெட்ராஸ்லிருந்து வந்துருச்சு. புஷ்ஷெக் கோட்டைமேட்டு லேத் பட்டறை ராவுத்தரு கடைஞ்சுட்டிருக்காரு. நான் வந்து ரண்டையும் சேத்து மாத்தறேன், அதுவரைக்கும் வண்டியெத் தொடாதெ" என்றார்.

தொடாதே என்ற சொல் என்னைச் சுட்டது. இங்கிலீஷில் ஒரு மோட்டார் புத்தகம் என்னிடம் இருந்தது. தகப்பனார் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பழைய பின்களைத் தட்டி எடுத்து, புதியவற்றைப் பழைய புஷ்ஷிலேயே இறக்கினேன். பின்னை அச்சோடு பூட்டும் சிறிய ஆணி ஒரு பக்கத்தில் பாதியிலேயே நின்றது. இரண்டு முறை சுத்தியலால் அடித்து, இறங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். கையில் காயம் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார் மலையேறிய பின், சம்பந்தி வீட்டார் நடுவில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பயணத்துக்கு முந்தைய நாள் இருட்டும் வேளையில் தமையனார் திரும்பினார். புஷ் கடைசல் முடியவில்லையென்றும், பழைய புஷ்ஷோடு ஒரு முறை மெதுவாக ஓட்டலாமா என்று காலையில் பார்த்துச் சொல்வதாகவும் கூறினார். விடிந்ததும் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டார்.

நல்ல நேரம் கடந்துகொண்டிருந்தது. அழைத்துப் போக வந்திருந்த தங்கையின் மாமியார் சொன்னார்: "ஏனுங்க சம்பந்தி, புள்ளையெ அனுப்ப மனசில்லீன்னா வாயத் தொறந்து சொல்லிப்போடலாமுங்க. வண்டியெ எதுக்குங்க மொடமாக்கோணும்?"

தகப்பனார் முகம் கறுத்தது. "ஏண்டா, நாலு பேரு முன்னால மானத்தெ வாங்கறே? ஊருச் சக்கரமெல்லாம் பாக்கத் தெரியுது, நம்மூட்டுச் சக்கரம் தெரியிலியா?"

"என்ற தப்புத்தானுங்கப்பா. முன்னமே மாத்தியிருக்கோணும்" என்றார் தமையனார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

நான்கு நாட்கள் கழித்து, வேறு நல்ல நேரத்தில், புது புஷ்ஷும் பின்னுமாக அந்த மோட்டார் மலையேறியது. அதற்கு முன் பட்டறையில் தனியாக இருந்தபோது அவர் சொன்னது இவ்வளவே: "புஸ்தகத்துல தப்பில்லைடா கண்ணு. அதெ எழுதுனவன் நம்ம புஷ்ஷெப் பாக்கலெ. அந்த ஆணி மலையில மூணாவது வளைவு தாங்காது." அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சிறுமையில் நாங்கள் சமமாகியிருப்போம். அந்தப் பொறுமையும் எனக்கு வாய்க்கவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அன்று முதல் சம்பந்தி வீட்டில் அவருக்குச் 'சக்கரங்கழட்டி' என்று பெயர். விசேஷங்களில் இலை போடும்போதுகூட அந்தக் கேலி உண்டு. உங்களில் பலர் சிரித்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்க வந்த தங்கையின் மாமியாரும், "வெரசா எந்திரிங்க மாப்பள, கழட்டறதுக்குச் சக்கரம் நெறைய இருக்குதுங்க" என்றார். தமையனார் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மூன்றாம் நாள் அவர் இல்லை.

இதை அச்சிட்டால் தகப்பனாருக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும் என்று பல நாள் எண்ணினேன். பொதுச் சாலையில் ஒரு வீட்டுப் பொறாமை எத்தனை உயிரை எடுத்திருக்கும் என்று எண்ணியபோது தயக்கம் நின்றது.

அவரைக் கவனித்த வைத்தியர்க்கும், பாடை சுமந்த பஸ் டிரைவர்கள் அனைவர்க்கும், வெண்கலம் கடைந்து கொடுத்த ராவுத்தர் அவர்கட்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்களே, அவரைச் சக்கரங்கழட்டி என்றே சொல்லுங்கள். அந்தச் சக்கரத்தைத் தவறாக மாட்டியவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று மடியில் இருந்த குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். இதைப் படித்த பின் தமையனார் உங்கள் மனத்தில் இன்னும் உயர்ந்து நிற்பார் என்பது எனக்குத் தெரியும். அது இன்றைக்கும் எனக்குச் சற்று உறுத்தவே செய்கிறது.