கடைசிப் பத்து பித்தளைத் தோட்டா

சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்று காணாமல் போனால் என்ன பாடு என்று எங்கள் போலீஸ் படையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எத்தனை சுட்டோமோ அத்தனை கூட்டையும் பொறுக்கித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முந்தின வருஷம் அச்சரப்பாக்கம் தாண்டி மலையடி மைதானத்தில் ஒரே ஒரு பித்தளைக் கூடு கிடைக்காமல், மொத்தப் பேரும் மொட்டை வெயிலில் முள்ளுச்செடிக்குள் குனிந்து தேடினோம். ஒருத்தி மயங்கியே விழுந்துவிட்டாள். துப்பாக்கி அறை என் பொறுப்பு என்பதால் வசவு முழுக்க எனக்கு. அப்படி ஒரு வசவை நான் மாமியார் வாயில்கூடக் கேட்டதில்லை.

அதனால், இந்த வருஷப் பயிற்சிக்குப் பித்தளைக் கூடா, இரும்புக் கூடா என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. இரும்பு என்று எழுதிக் கொடுத்தேன். கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இரும்பு கரடுமுரடு, பிஸ்டலுக்கு ஆகாது, நம்ம ஊர் உப்புக்காத்துக்குத் துருப்பிடித்துப் போகும் என்றெல்லாம் சொன்னார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன். இரும்பைக் காந்தம் இழுக்குமே! பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி, மாப் கட்டையின் நுனியில் கட்டி வைத்தேன். புல்லுக்கு மேலே அதை ஆட்டிக்கொண்டே நடந்தால் கூடு எல்லாம் டக் டக்கென்று வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு இருந்த திமிர் இருக்கிறதே, சொல்லி மாளாது.

கோவளத்து அக்கா எங்கள் தலைமைக் காவலர். அவள் வீட்டுக்காரர் படகு தள்ளும்போது விழுந்து, முதுகெலும்பு போய், படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் போட வேண்டும். அக்கா மாமல்லபுரத்தில் காவல் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி ஓடி, அவரைத் துடைத்துப் புரட்டிவிட்டுத் திரும்ப ஓடி வருவாள். மற்ற நேரம் நாத்தனார் பார்த்துக்கொள்வாள், ஆனால் அவளுக்கு அவரைத் தூக்கத் தெம்பில்லை. மாமல்லபுரம் காவலில் இருக்க வேண்டுமென்றால் பிஸ்டல் சுடுவதில் தேற வேண்டும். அக்கா ஏற்கெனவே இரண்டு தரம் தவறியிருந்தாள். மூன்றாவது தரமும் தவறினால் வெளி மாவட்டத்துக்கு மாற்றல்தான். எல்லாருக்கும் இது தெரியும்.

பயிற்சியன்று காலையிலிருந்து எல்லாரும் ஒரே பிஸ்டலில் இரும்பையே சுட்டார்கள். ஒரு தகராறும் இல்லை. கடைசி ஆள் அக்கா. என்னிடம் பழைய பெட்டியில் பத்தே பத்து பித்தளைத் தோட்டா மிச்சம் இருந்தது. அவளுக்கு ஒரு நல்லது செய்வோமே என்று அதை எடுத்துக் கொடுத்தேன். பித்தளை வழுவழுவென்று போகும், மாட்டாது, தைரியமாகச் சுடு என்றேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வரிசைக்குப் போனாள்.

இங்கேதான் நான் கெட்டது. இரும்புக் கூடு சுடும்போது அவ்வளவாக விரிந்து கொடுக்காது. புகைக்கரி இடுக்கு வழியாகப் பின்னுக்கு வந்து, தோட்டா உட்காருகிற அறையின் சுவரில் படியும். பித்தளை இளகின சாதி, விரிந்து சுவரோடு அப்பிக்கொள்ளும். கரி ஏறின அறையில் விரிந்தால் பிடித்துக்கொண்டு வெளியே வராது. இரும்பிலிருந்து பித்தளைக்கு மாறும்போது அந்த அறைக்குள் பிரஷ்ஷை விட்டு ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. சீக்கிரம் கூட்டைப் பொறுக்கி, பகல் சாப்பாட்டுக்குள் வண்டி ஏறிவிடலாம் என்கிற அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை.

நாலு குண்டு போனது. நாலும் டார்கெட்டில். ஐந்தாவது கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. அக்கா இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

அவள் கையிலிருந்து பிஸ்டலை நான்தான் வாங்கினேன். ஓரமாகப் போய்க் கம்பியை விட்டுத் தட்டினேன், கூடு விழுந்தது, அதைச் சுற்றிலும் கறுப்பாகக் கரி. துணியால் துடைத்தேன். அதற்குள் அதிகாரி வந்து நின்றார். கோளாறு துப்பாக்கியிலா, ஆளிடமா என்று கேட்டார். துப்பாக்கியில் என்றால் அவள் திரும்பச் சுடலாம், நான் ஒரு வரி எழுதித் தர வேண்டும். எழுதினால் அடுத்த கேள்வி, யார் துடைக்காமல் விட்டது என்பது. மெமோ வரும், துப்பாக்கி அறைப் பொறுப்பு போகும். சுடுகிற ஆளின் கைப்பிடி தளர்ந்தாலும் பிஸ்டல் இப்படித்தான் மாட்டும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

"துப்பாக்கி நல்லாத்தான் கீதுங்கய்யா. பிடிதான் தளர்ந்து போச்சு" என்றேன்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த மாதமே அவளைத் தூரத்துக்கு மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். லீவு கிடைத்தால் அவள் ராத்திரி பஸ்ஸில் வந்துவிட்டுப் போவாளாம். வீட்டுக்காரருக்குப் படுக்கைப்புண் வந்து, புரையோடி, காய்ச்சல் கண்டது; ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அவள் வந்து சேர்ந்தபோது உடம்பைத்தான் பார்த்தாளாம்.

அடக்கத்துக்குக் கோவளம் போனேன். பெட்டியை இன்னும் மூடவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். சுற்றியிருந்த பொம்பளைகளிடம், தனக்காகப் பித்தளை எடுத்து வைத்துக் கொடுத்தவள் இவள்தான் என்று சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீதான கிட்ட நின்னுகினு இருந்த. நெசத்த சொல்லு. அன்னிக்கு என் கை நடுங்குச்சா?"

சொல்லியிருக்கலாம். இல்லைக்கா என்று ஒரே வார்த்தை.

"நடுங்குச்சுக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வலது கையைத் தூக்கித் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, என் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்ததும் நான்தான்.